இலுப்பைப் பூவில் இல்லாத மூலக்கூறு

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. அதனால் வேதவல்லி என்ற யானை துணைவேந்தராக இருந்தது. பதிவாளராக ஒரு நரி இருந்தது. அந்தப் பதவிக்கு விளம்பரம் வந்தபோது நரியின் விண்ணப்பம் மட்டும்தான் வந்து சேர்ந்தது. விண்ணப்பங்களை வாங்கி வைக்கும் பொறுப்பும் அப்போது நரியிடம்தான் இருந்தது.

அங்கே ஆவுடையம்மாள் என்றொரு தேவாங்கு மூலக்கூறு நிறமாலையியலில் ஆராய்ச்சி செய்துவந்தது. பெயர்தான் பெரிசு, வேலை எளிமையானது. ஒரு பழைய இலுப்பை மரத்துப் பொந்து அதன் ஆய்வுக்கூடம். மரப்பட்டையில் இருந்த ஊசித்துளை வழியாகக் காலை வெயில் உள்ளே வரும். அந்த வெயில் ஒரு மூங்கில் குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறி, ஒரு சிலந்தி வலையில் பட்டு, எதிர்ச்சுவரில் வானவில்லாக விரியும். குழாய்க்குள் ஆவுடை எதன் ஆவியையாவது நிரப்பும். ஒவ்வொரு மூலக்கூறும் வெளிச்சத்தில் தனக்குப் பிடித்த நிறத்தை மட்டும் தின்றுவிடும். தின்ற இடத்தில் வானவில்லில் ஒரு கறுப்புக் கோடு விழும். கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால், தின்றது யார் என்று சொல்லிவிடலாம்.

வேதியியல் துறைக்காரர்கள் இதை இயற்பியல் என்றார்கள். இயற்பியல் துறைக்காரர்கள் வேதியியல் என்றார்கள். ஆவுடை தானே ஒரு பலகையில் 'வேதி இயற்பியல்' என்று எழுதிப் பொந்து வாசலில் மாட்டிக்கொண்டது. அன்று முதல் இரண்டு துறையின் பொங்கல் விழாவுக்கும் அதற்கு அழைப்பு வருவதில்லை.

ஆவுடை எதையும் மெதுவாகச் செய்யும். ஒரு கோட்டைப் பார்த்தால் அதைக் கோடையிலும் பார்க்கும், பனியிலும் பார்க்கும், அடுத்த கோடையிலும் பார்க்கும். பிறகுதான் எழுதும். இப்படி அது மூன்று கட்டுரைகள் எழுதியிருந்தது. முதல் கட்டுரை பனித்துளியின் ஆவியைப் பற்றியது. இரண்டாவது, குளிர்காலத்தில் தேன் ஆவியின் கோடுகள் இம்மியளவு நகர்வதைப் பற்றியது. மூன்றாவது, இரண்டாவதில் ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்ததைப் பற்றியது. மூன்றும் சரியான கட்டுரைகள். மூன்றையும் யாரும் படிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் பதிவாளர் நரி பொந்துக்கு வந்தது.

"ஏன் மேடம் முறைக்கிறீங்க?"

"முறைக்கல சார். கண்ணே இப்படித்தான்."

நரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "தரவரிசைப் பட்டியல் வந்திருக்கு. நம்ம காடு ரொம்பக் கீழ போயிடுச்சு. துணைவேந்தர் அம்மா நேத்துலேர்ந்து கரும்பைத் தொடல. அடுத்த காட்டுல ஒரு முயல் மாசாமாசம் கட்டுரை மேல கட்டுரையாப் போட்டுத் தள்ளுது."

"எதைப் பத்தி சார்?"

"அது தெரியாது. ஆனா போடுது. இப்ப எல்லாரோட மேற்கோளையும் பாக்கறோம். உங்க கட்டுரையை மத்தவங்க அவங்க கட்டுரையில எத்தனை தடவை எடுத்துச் சொல்லியிருக்காங்கங்கிற கணக்கு. உங்களுக்கு ரெண்டு இருக்கு."

ஆவுடைக்கு மகிழ்ச்சியாக இருந்தது. "ரெண்டா! யாரு சார் அது?"

"ரெண்டும் நீங்கதான் மேடம்."

நரி குரலைத் தாழ்த்திக்கொண்டது. "மழைக்குள்ள மேற்கோள் ஏறலைன்னா இந்தப் பொந்தைக் காலி பண்ணணும். மரங்கொத்தியோட மேலாண்மைத் துறைக்கு இடம் பத்தலையாம். அவரு வந்து பாத்துட்டும் போயிட்டாரு. ஜன்னல் சின்னதா இருக்கு, கொத்திப் பெரிசாக்கிக்கலாம்னாரு."

ஆவுடைக்குப் பகீரென்றது. அந்த ஊசித்துளையைத் தேடித்தான் அது இளமையில் காடு முழுக்க ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கியது. தேவாங்கு ஒரு மரம் ஏறி இறங்க எவ்வளவு நேரமாகும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் துளையின் அருமை தெரியும். கொத்திப் பெரிசாக்கினால் வெயில் வரும், காற்று வரும், வானவில் மட்டும் வராது.

நரி போன பிறகு, மேல் மூலையில் இருந்த சிலந்தி நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தது. அதன் பெயர் பூங்காவனம். வானவில்லை விரிக்கும் வலையைத் தினமும் புதிதாகப் பின்னிக் கொடுப்பது அதுதான்.

"என்னக்கா பண்ணப்போற?"

"அவசரமா ஒரு கட்டுரை எழுதணும் பூங்காவனம்."

"அவசரமாவா? நீயா?" சிலந்தி சிரித்தது. பிறகு சொன்னது: "இதுலயாவது என் பேரை ஆசிரியர்ல போடுக்கா."

"நன்றியுரையில போடறேனே."

"நன்றியுரையை எந்தப் பூச்சி படிக்குது?" என்று கேட்டுவிட்டுச் சிலந்தி மேலே ஏறிப்போனது.

அது இலுப்பை பூக்கும் காலம். பொந்தைச் சுற்றிலும் பூ கொட்டிக் கிடந்தது. வழக்கமாக ஆவுடை பூவைக் குழாயில் போட்டு மூடி, வெயிலில் தானாக ஆவி நிரம்பும்வரை காத்திருக்கும். அதற்குப் பல நாள் பிடிக்கும். இந்த முறை காத்திருக்க நேரமில்லை. குழாயில் பூவைப் போட்டு வாயாலேயே 'பூ' என்று ஊதி ஆவியைக் கிளப்பியது. பதற்றம் வந்தால் எறும்பு தின்னுவது தேவாங்கின் பழக்கம். ஆவுடை அன்று பெரும் பதற்றத்தில் இருந்தது. செவ்வெறும்புகளை ஒன்று மாற்றி ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டே ஊதியது.

சுவரில் வானவில் விரிந்தது. சிவப்பின் கடைசி ஓரத்தில், இதுவரை எந்தப் பூவிலும் பார்க்காத ஒரு கறுப்புக் கோடு பளிச்சென்று விழுந்திருந்தது.

ஆவுடைக்கு மெய்சிலிர்த்தது. வேறு சமயமாக இருந்தால் இரண்டு கோடை பார்த்திருக்கும். இப்போது அன்று மதியமே எழுத உட்கார்ந்துவிட்டது. 'இலுப்பைப் பூ ஆவியில் இதுவரை அறியப்படாத ஒரு மூலக்கூறு' என்று தலைப்பு வைத்தது. மூலக்கூறுக்கு, காஃபீன் என்பதுபோல, 'இலுப்பையின்' என்று பெயரிட்டு இதழுக்கு அனுப்பியது.

இதழில் வரும் கட்டுரையை முதலில் ஒரு மதிப்பீட்டாளர் படித்துப் பார்ப்பார். அவர் யார் என்பது ரகசியம். கருத்துரை திரும்பி வந்தது. 'கட்டுரை நன்று. ஆனால் முள்ளின் அதிர்வுகள் குறித்து முள்ளம்பன்றி அவர்கள் எழுதியுள்ள அரிய கட்டுரைகள் அனைத்தையும் ஆசிரியர் மேற்கோள் காட்ட வேண்டும்' என்று அதில் எழுதியிருந்தது. உறையைப் பிரித்தபோது ஆவுடையின் விரலில் ஒரு முள் குத்தியது. மதிப்பீட்டாளர் யார் என்று யோசித்துக்கொண்டே ஆவுடை முள்ளம்பன்றியின் கட்டுரைகள் அத்தனையையும் கடைசிப் பக்கத்தில் சேர்த்தது. கட்டுரை உடனே வெளியானது.

முதலில் எதிர்த்தது செங்கோடன் என்ற மிளா. பெரிய கொம்பு உள்ள மான் அது. இலுப்பைப் பூவைத் தின்றே வளர்ந்த உடம்பு. 'என் ஆயுசில் இந்தப் பூவை எவ்வளவோ தின்றிருக்கிறேன். ஆவுடையம்மாள் சொல்லும் கோடு இல்லவே இல்லை' என்று அது ஒரு காரசாரமான கட்டுரை எழுதியது. பிறகு மந்தி எழுதியது, அணில் எழுதியது. இருவாச்சி, தன் அலகு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு மறுப்பு எழுதியது. எல்லாரும் ஆவுடையைப் போலவே குழாயில் பூவைப் போட்டு ஊதிக் கோட்டைத் தேடினார்கள். யாருக்கும் கிடைக்கவில்லை.

ஆவுடை வெட்கத்தில் பொந்தைவிட்டு வெளியே வரவில்லை.

அந்த நேரத்தில்தான் பொன்னுரங்கம் என்ற அலங்கு களத்தில் இறங்கியது. உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புதின்னி அது. வாழ்நாள் முழுக்க வேறு உணவு தொட்டதில்லை. அது ஊதிப் பார்த்தபோது கோடு சன்னமாக இல்லை, கரிக்கட்டையால் இழுத்த மாதிரி விழுந்தது. 'ஆவுடையம்மாள் கண்டது முற்றிலும் உண்மை. சொல்லப்போனால் அவர் அடக்கிச் சொல்லியிருக்கிறார்' என்று பொன்னுரங்கம் எழுதியது. ஓணானும் ஊதிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றது. மேலாண்மைத் துறை மரங்கொத்திக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. அதுவும் ஊதிப் பார்த்தது. அதற்கும் கோடு தெரிந்தது.

காடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. வற்றிய ஏரிக்கரையில் மாநாடு கூடியது. ஆவுடையையும் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தார்கள். பொன்னுரங்கம் மேடையேறி ஆதாரங்களை அடுக்கியது. செங்கோடன் எழுந்து கேட்டது:

"உங்களுக்குத் தெரியற கோடு எங்களுக்கு ஏன் சார் தெரிய மாட்டேங்குது?"

பொன்னுரங்கம் சட்டென்று பந்தாகச் சுருண்டுகொண்டது. அலங்குகள் ஆபத்து வந்தால் அப்படித்தான் செய்யும். மாநாட்டுத் தலைவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, "அருமையான பதில். அடுத்த கேள்வி?" என்றார்.

மதியச் சாப்பாட்டில் கோட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு பந்தியில் உட்கார்ந்து எறும்பு தின்றார்கள். பார்க்காதவர்கள் எல்லாரும் இன்னொரு பந்தியில் பழமும் தழையும் தின்றார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பாயசம் மட்டும் பொது.

மாநாடு முடிந்து பொந்துக்குத் திரும்பிய ஆவுடைக்குப் பல்வலி வந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. எறும்பைக் கடிக்க முடியாமல், மரப்பிசினைச் சப்பிக்கொண்டு படுத்துக் கிடந்தது. கொஞ்சம் தேறியதும், சும்மா இருக்க முடியாமல், குழாயில் பூவைப் போட்டு ஊதியது.

சுவரில் வானவில் விரிந்தது. கோடு இல்லை.

மறுபடி ஊதியது. இல்லை. பூவை மாற்றியது. இல்லை. "வலையைத் திருப்பிப் பின்னு" என்றது. பூங்காவனம் முணுமுணுத்துக்கொண்டே பின்னியது. அப்போதும் இல்லை. ஆவுடை மெதுவாகக் கீழே பார்த்தது. தரையில் ஒரு செவ்வெறும்பு போய்க்கொண்டிருந்தது. அதை எடுத்து, வலிக்கும் பல்லால் கடித்து, ஊதியது.

கோடு வந்தது.

குழாயிலிருந்து பூவை வெளியே கொட்டிவிட்டு, வெறும் குழாயில் ஊதியது. கோடு முன்பைவிடத் தெளிவாக வந்தது.

"என்னக்கா, முகம் வெளுத்துப்போச்சு?" என்று கேட்டது பூங்காவனம்.

"பூங்காவனம், அது பூவுல இருக்கற மூலக்கூறு இல்ல. எறும்போட அமிலம். காடு முழுக்க என் வாய் நாத்தத்தைப் பத்தி மாநாடு போட்டிருக்குடி."

பூங்காவனம் நூலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தது. பிறகு மெல்லக் கேட்டது: "நல்லவேளை, என் பேரைப் போடல இல்ல?"

அன்று பகல் முழுக்க ஆவுடை சாப்பிடவில்லை. எறும்பைப் பார்த்தாலே அழுகை வந்தது. சொல்லாமல் விட்டால் பொந்து தப்பிக்கும். சொன்னால் போய்விடும். ஆனால் அந்தச் சுவரில் இதுவரை பொய்யான கோடு விழுந்ததில்லை. பூவின் பெயரைச் சொல்லி எறும்பைக் காட்டிவிட்டோமே என்பதுதான் அதற்குத் தாங்கவில்லை. வலைத்துணுக்குகளை எல்லாம் பெருக்கிச் சுத்தம் செய்தது. மரங்கொத்திக்குச் சாவியைக் கொடுத்துவிடும்படி பூங்காவனத்திடம் சொல்லிவிட்டுத் துணைவேந்தரைப் பார்க்கப் புறப்பட்டது. அலுவலகம் பக்கத்து மரத்தடியில்தான் இருந்தது. போய்ச் சேரச் சாயங்காலமாகிவிட்டது.

அங்கே அப்போது பதவி உயர்வுக் குழு கூடியிருந்தது. யானை வேதவல்லி நடுவில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நரி.

"வாம்மா ஆவுடை! உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம்" என்றது யானை.

ஆவுடை கைகூப்பியது. "அம்மா, அந்த இலுப்பையின் கட்டுரை தப்பு."

நரி காதை நிமிர்த்தியது. "தப்புன்னு யார் சொன்னது?"

"நிறையப் பேரு சொல்லியிருக்காங்க சார்."

"வாய்வார்த்தையாவா?"

"இல்ல சார், கட்டுரையா."

"உங்க பேரைப் போட்டா?"

"ஆமா சார். எல்லாத்துலயும் முதல் வரியே என் பேருதான்."

"அதுக்குப் பேருதான் மேடம் மேற்கோள்" என்றது நரி. "மலையா ஏறிக் கெடக்கு. தரவரிசையில அந்த முயல் இருக்கற காட்டையே தாண்டிட்டோம்."

"ஆனா அவங்க எல்லாரும் தப்புன்னு சொல்றதுக்குத்தானே சார் என் பேரைச் சொல்றாங்க?"

நரி படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தது. திருப்பிப் பின்பக்கமும் பார்த்தது. "ஏன் சொல்றாங்கன்னு கேக்கறதுக்கு இதுல கட்டம் இல்லியே மேடம்."

யானை பெருமூச்சு விட்டது. அதில் மேசைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன. "நானும் அந்தக் காலத்துல ஏழெட்டு வருஷம் மண்ணு மோந்து மோந்து ஆராய்ச்சி பண்ணினவதான் ஆவுடை. என்னைத் தப்புன்னு சொல்லக்கூட ஒரு நாதியில்ல. உனக்குக் காடே திரண்டு வந்திருக்கு. கொடுத்து வெச்சவம்மா நீ" என்றது. அதன் கண் கலங்கியிருந்தது. பிறகு தும்பிக்கையால் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தியது.

இப்படியாக ஆவுடையம்மாள் பேராசிரியர் ஆனது. பொந்தும் நிலைத்தது. மரங்கொத்தி சாவியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்சி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனது.

ஆனாலும் ஆவுடைக்கு மனசு கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, 'இலுப்பையின் என்று எதுவும் இல்லை. அது என் எறும்பு' என்று ஒரு திருத்தக் கட்டுரை தயாரித்தது. ஆசிரியர் வரிசையில் பூங்காவனத்தின் பெயரையும் சேர்த்தது.

"ஊரே படிச்சதுல சேக்கல, யாரும் படிக்கப்போறதில்லங்கறதுல சேக்கறியாக்கா?" என்று பூங்காவனம் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வலை பின்னவில்லை.

திருத்தம் வரப்போகிற செய்தி எப்படியோ கசிந்தது. மிளா செங்கோடன் மூச்சிரைக்க ஓடிவந்தது. கொம்பு பொந்துக்குள் நுழையாததால் வெளியே நின்றபடியே பேசியது.

"மேடம், நீங்க திருத்தம் போடறீங்களாமே?"

"ஆமா சார். நீங்க சொன்னதுதான் சரி. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க மேடம்!" என்றது மிளா. "உங்க தப்பை வெச்சு என்கிட்ட ஒரு மந்தையே முனைவர் பட்டத்துக்குப் படிக்குது. எங்க துறைக்கு நிதி வர்றதே உங்களை மறுக்கறதுக்குத்தான். நீங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டா நாங்க யாரை மேடம் மறுக்கறது? புள்ளகுட்டிக்காரன் மேடம் நான்."

ஆவுடை பெரிய கண்களால் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முறைக்காதீங்க மேடம்" என்றது மிளா.

"முறைக்கல சார். வருத்தமா இருக்கு" என்றது ஆவுடை. ஆனாலும் திருத்தத்தை அனுப்பிவிட்டது.

அதைப் படித்தது பொன்னுரங்கம் ஒன்றுதான். படித்ததும் அதற்கு ஆத்திரம் தாங்கவில்லை. 'இலுப்பையின் இல்லை என்று சொல்ல ஆவுடையம்மாள் யார்?' என்று உடனே ஒரு மறுப்பு எழுதியது. பல்வலியோடு எடுத்த அளவீட்டை ஏற்க முடியாது என்றும், ஆவுடையம்மாள் இந்தத் துறையின் அடிப்படைகளைப் படிக்க வேண்டும் என்றும், அதற்கு ஆவுடையம்மாளின் முதல் கட்டுரையே போதுமானது என்றும் அதில் விளக்கியிருந்தது. மிளா செங்கோடனுக்கு உயிர் வந்தது. பொன்னுரங்கத்தின் மறுப்பை மறுத்து அது எழுதியது. மந்தியும் அணிலும் இருவாச்சியும் சேர்ந்துகொண்டன. சண்டை மறுபடி சூடுபிடித்தது. இந்தமுறை யாரும் ஆவுடையைக் கேட்கவில்லை. பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த பூக்காலத்தில் மேலிடத்திலிருந்து பெரும் நிதி வந்தது. இலுப்பையின் உயராய்வு மையம் என்று ஒரு கட்டடம் எழுந்தது. திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டினார்கள். கட்டிய வாழையைத் துணைவேந்தர் தின்றுவிட்டதால் மறுபடி கட்டினார்கள். முன்வரிசையில் முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. அதன் இருபுறமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. ரிப்பனை வெட்டப் பேராசிரியர் ஆவுடையம்மாளை அழைத்தார்கள். அது மேடையேறி வந்து சேரும்வரை வாத்தியக்காரர்கள் இரண்டு முறை இளைப்பாறினார்கள்.

ஆவுடை ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டது. தெளிவாகச் சொன்னது:

"எல்லாருக்கும் வணக்கம். இலுப்பையின்னு ஒண்ணு கிடையாது. நான்தான் சொன்னேன், தப்பாச் சொன்னேன். இந்தக் கட்டடம் எதுக்குன்னு எனக்குத் தெரியல. தயவுசெஞ்சு யாராவது நான் சொல்றதைக் கேளுங்க."

துணைவேந்தர் யானை தும்பிக்கையை உயர்த்திக் கைதட்டுவதுபோல் காதுகளைப் படபடவென்று அடித்தது. நரி எழுந்து நின்றது. காடு முழுக்க எழுந்து நின்று கரவொலி எழுப்பியது.

"எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு பண்ணிட்டு, எவ்வளவு அடக்கம் பாரு!" என்று மரங்கொத்தி பக்கத்தில் இருந்த ஓணானிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஓணான் தலையை ஆட்டியது.

நீதி: சரியாகச் சொன்னால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், தப்பாகச் சொன்னால் திருத்துவதற்குக் காடே திரண்டு வரும். ஆகவே குழந்தைகளே, தப்பு செய்யும்போது உங்கள் பெயரையும் முகவரியையும் தெளிவாக, பிழையில்லாமல் எழுதுங்கள்.